ஆரணியிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்களின் வாழ்க்கையைப் பெங்களூரிலிருந்து தேட முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். பெங்களூரில் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. பாலமும் பாதையும் அமைக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ், வண்டியும் சரக்கும் பார்க்கும் ஏஎஸ்சி (தெற்கு), உடலுழைப்பு வேலைக்கான பயனியர் கோர் ஆகிய மூன்று படைப்பிரிவுகளின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸும் (ஆட்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) இந்த ஊரில்தான் இருக்கின்றன. வடஆர்க்காட்டுப் பையன்கள் சாப்பராகவும் டிரைவராகவும் பயனியராகவும் சேர்ந்தது இவற்றில்தான். துப்பாக்கி பிடித்துக் காலாட்படையில் இருந்தவர் என்று தெரிந்தால் மட்டும் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு எழுதுங்கள். அந்த ரெஜிமென்ட் 1928இல் கலைக்கப்பட்டு 1941இல்தான் மறுபடி எழுப்பப்பட்டது. ஆகவே 1935இல் சேர்ந்தவரை அங்கே தேடிப் பயனில்லை.

ஆனால் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு உடனே ஓடாதீர்கள். ‘ஆரணிக்காரர்கள் யார் யார்’ என்று கேட்டால் அங்கே பதில் வராது. ராணுவம் ஆளை ஊரால் அடுக்கி வைக்கவில்லை, படைப்பிரிவாலும் எண்ணாலும் அடுக்கி வைத்திருக்கிறது. ராணுவ எண் கிடைக்கும் வரைக்குமான வேலை முழுக்க ஊரில்தான்.

எண் எங்கே கிடைக்கும்? முதலில் டிஸ்சார்ஜ் புத்தகம், அதாவது பணியிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்தது. அது தொலைந்திருந்தால் பதக்கத்தைக் கேளுங்கள். முதல் உலகப் போரின் பதக்கங்களில் எண், பெயர், பிரிவு மூன்றும் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் போரில் இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றிலும் பெயர் வெட்டியிருப்பது உண்டு. பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படம் எடுங்கள்.

அடுத்தது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டுப் பணி வேண்டும். போருக்காகச் சேர்ந்து 1946இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அது இல்லை. பின்னாளில் இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் அரசு உதவித்தொகை வந்தபோது கொடுத்த விண்ணப்பங்களில் எண்ணும் பிரிவும் இருக்கும். ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டம். 1989 வரை எல்லாம் ஒரே வடஆர்க்காடு என்பதால் பழைய கோப்பு வேலூரிலேயே தங்கியிருக்கலாம். இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

போரில் இறந்தவர்களைத் தேடுவது சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தளம் இலவசம். அங்கே எல்லோரும் தடுக்கி விழுவது பெயர்க் கட்டத்தில்தான். நம் ஆட்களின் முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடப்பட்டிருக்கும், முதற்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். முனுசாமியா முனிசாமியா என்று எழுத்தோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். பெயரை விட்டுவிட்டுக் கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் மாவட்டத்தை ‘நார்த் ஆர்க்காட்’ என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். இன்னாரின் மகன், இன்னாரின் கணவன், இந்த ஊர் என்ற வரி அங்கேதான் இருக்கிறது. ஆரணியை அந்தக் காலத்தில் ஏ-ஆர்-என்-ஐ என்று நாலே எழுத்தில் எழுதுவார்கள், அதையும் போட்டுப் பாருங்கள். இந்துக்கள் தகனம் செய்யப்பட்டதால் பலருக்குக் கல்லறை கிடையாது. பெயர் மட்டும் நினைவுச் சுவரில் இருக்கும். பர்மாவில் விழுந்தவர்களுக்குத் தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகம், அதில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள். மலேயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவகம்.

உயிரோடு திரும்பியவர்களைத் தேடுவதுதான் கடினம். எண் கையில் வந்ததும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக அனுப்பலாம். பலர் ‘சர்வீஸ் ரெக்கார்ட்’ என்று கேட்கிறார்கள். ‘அழிக்கப்பட்டுவிட்டது’ என்று ஒரு வரிப் பதில் வருகிறது, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பதில் பொய்யில்லை. பென்ஷன் இல்லாதவரின் ஷீட் ரோலை, அதாவது அவரது பணி விவரத் தாளை, 25 ஆண்டுக்குப் பிறகு அழிப்பது விதி. ஆனால் சேர்ந்தவர்களை வரிசையாகப் பதிந்த லாங் ரோல் என்ற பதிவேடு நிரந்தரமாக வைக்கப்பட வேண்டியது. விண்ணப்பத்தில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டே நகல் கேளுங்கள். தனிப்பட்ட தகவல் என்று மறுத்தால், 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளைப் பற்றிய சட்டத்தின் 8(3) பிரிவைச் சுட்டி மேல்முறையீடு செய்யலாம். வாரிசின் கையெழுத்துள்ள கடிதத்தை முதலிலேயே இணைத்தால் இந்த இழுபறி பெரும்பாலும் வராது.

சேர்ந்த நாளும் கம்பெனி எண்ணும் கிடைத்தால் அவர் போன வழியைப் பின்தொடரலாம். படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அங்கே கேட்க வேண்டிய கோப்பு வரிசை எண்கள்: மத்திய கிழக்கு என்றால் டபிள்யூஓ 169, இத்தாலி 170, பர்மா 172. சாதாரணச் சிப்பாயின் பெயர் அவற்றில் அரிது. கம்பெனி எந்தத் தேதியில் எந்த ஆற்றில் பாலம் கட்டியது என்பது இருக்கும். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் தன் உடலைப் போட்டுச் சகாக்களைக் காத்து, இறந்த பின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் போன்றோர் விதிவிலக்கு. விருது வாங்கியவர்களை பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் இலவசமாகவே தேடலாம்.

பஞ்சாபின் முதல் உலகப் போர்ப் பதிவேடுகள் இணையத்தில் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் நம் மாவட்டத்தையும் தேடாதீர்கள், அவை பஞ்சாபுக்கு மட்டும். லண்டனில் உள்ள, இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசுத் துறையான இந்தியா ஆபீஸின் ஆவணங்களிலும் பெரும்பாலும் அதிகாரிகள்தான். ஆள் வைத்துத் தேடப் பணம் கட்டும் முன் இதை யோசியுங்கள்.

ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று கோவிந்தசாமி இருப்பார்கள். எண், தகப்பன் பெயர், கிராமம் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் இரண்டு தாள்களை ஒரே ஆளுடையது என்று சேர்க்காதீர்கள். வேறு கோருக்கு மாறியவருக்கு எண்ணும் மாறியிருக்கும் என்பதால், எண் பொருந்தவில்லை என்பதற்காகவே ஒருவரைத் தள்ளிவிடவும் கூடாது. சமையல்காரர், சலவைக்காரர், தண்ணீர் சுமந்தவர் என்று படையோடு போனவர்களையும் பட்டியலில் சேருங்கள், வீட்டில் அவர்களையும் ‘மிலிட்டரிக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். பணியில் இருக்கும்போதே 1947 டிசம்பர் 31க்குள் இறந்த ஒருவரின் பெயர் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இல்லையென்றால், அவர் பணியிலிருந்ததற்கும் இறந்ததற்குமான ஆவண நகல்களோடு அவர்களுக்கு எழுதலாம். விடுபட்ட பெயர்களை அவர்கள் இன்றும் சேர்க்கிறார்கள்.