பின்னால் இருந்த டாக்டர்

கேள்வி: கொரியப் போரில் ஏ.ஜி. ரங்கராஜ் என்ற ராணுவ டாக்டருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்களாமே? போர்முனைக்குப் பின்னால் வைத்தியம் பார்த்தவருக்கு எதற்கு வீர விருது?
- ஒரு வாசகர், வேலூர்

பதில்: 'பின்னால்' என்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். 1951 மார்ச் 23-ஆம் தேதி முன்சான் என்ற இடத்தில் ரங்கராஜ் பின்னால்தான் இருந்தார், எதிரிக்குப் பின்னால். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் பாராசூட்டில் குதித்தபோது, ரங்கராஜும் அவருடைய ஆட்களுமாகப் பன்னிரண்டு இந்தியர்கள் கூடவே குதித்தார்கள். அடிபட்டவர்களுக்கு அங்கேயே அறுவை சிகிச்சை செய்தார்கள்.

குதிப்பது அவருக்குப் புதிதில்லை. 1941 அக்டோபரில் கராச்சியில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இந்திய வீரர்கள் இரண்டே பேர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். இன்னொருவர் பட்டாலியன் டாக்டரான இவர்.

கொரியாவுக்கு இந்தியா சண்டை போட ஆள் அனுப்பவில்லை. 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவை மட்டும் ரங்கராஜ் தலைமையில் அனுப்பியது. 1950 கடைசியில் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கை விட்டு ஐ.நா. படைகள் எல்லாம் பின்வாங்கின. இவர்களுக்கு லாரி கிடைக்கவில்லை. மருந்தையும் கருவிகளையும் போட்டுவிட்டு ஓடினால், நாளைக்குக் குண்டடிபட்டு வருகிறவனை எதை வைத்துத் தைப்பது? தேடிப் பார்த்ததில் ஒரு பழைய நீராவி இன்ஜினும் சில பெட்டிகளும் கிடைத்தன. கொதிகலனில் தண்ணீர் இல்லை. வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி நிரப்பினார்கள். ரயில் ஓட்டத் தெரிந்த ஒன்றிரண்டு பேர் ஆட்களில் இருந்தார்கள். எதிரி பின்தொடராமல் இருக்க ஆற்றுப் பாலத்தை வெடி வைத்துத் தகர்ப்பதற்குள் அத்தனை சாமானோடும் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். கடுங்குளிரில் அந்த வாளியைக் கைமாற்றிய விரல்களை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், அவர் பெயரின் முன்னால் வரும் 'ஏ' என்றால் ஆற்காடு. இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து 'அர்காட்' என்று எழுதுகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை போட்டாயிற்று, இன்னும் போடுவேன். உங்கள் வேலூருக்குப் பக்கத்து ஊர், நீங்களாவது சரியாக எழுதுங்கள்.

ராணுவத்தை விட்ட பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பு வேலைக்குப் போனார். என் இடது கையில் சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது, பழைய நாலணா அளவுக்கு. 1970-க்கு முன்னால் பிறந்தவரானால் உங்கள் கையிலும் இருக்கும். சட்டையை மடித்துப் பாருங்கள்.