பிடியைப் பாருங்கள், அலகு அப்புறம்

(பழங்கத்திகள் எந்த ஊர், எந்த மக்களுடையவை என்று கேட்டவர்களுக்குப் பதில்கள்)

கேள்வி: கொம்பும் உலோகமும் வளையம் வளையமாக அடுக்கிய பிடி. விற்றவர் மொராக்கோ என்றார், நண்பர் ஸ்பெயின் என்கிறார். எது சரி?

பதில்: நண்பர் பக்கம்தான் சரி, ஆனால் முழுசாக இல்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கனேரித் தீவுகளின் கத்தி. ஆள்வது ஸ்பெயின், கிடப்பதோ ஆப்பிரிக்கக் கரையோரம். குழப்பம் வராமல் இருக்குமா? கிரான் கனேரியாவின் கீயா ஊர் இதற்குப் பேர்போனது. வாழைத் தோட்டத்திலும் ஆடு மேய்ப்பவர் இடுப்பிலும் இருந்த வேலைக் கத்தி இது. குத்துவாள் என்றால் விலை ஏறும், அதனால் அப்படி விற்கிறார்கள். மொராக்கோவின் குத்துவாளான கும்மியாவுக்கு அலகு நுனிப்பக்கம் வளைந்திருக்கும், பிடியின் தலை மயில்தோகை போல விரிந்திருக்கும். உறையில் தோள்கயிறு மாட்ட இரண்டு காதுகளும் உண்டு.

கேள்வி: உறையில் தோல் வளையம் இருக்கிறது. இடுப்புவாருக்குச் சிறியது. எதற்கு?

பதில்: கைக்கு! சஹாராவின் துவாரெக் மக்கள் தெலெக் என்ற கத்தியை இடது முன்கையில் கட்டுவார்கள், பிடி மணிக்கட்டுப் பக்கம் இருக்கும். பிடி சிலுவை வடிவமா என்று பாருங்கள். சூடானில் முழங்கைக்கு மேலே கட்டுவது வழக்கம். பழைய உறை கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். கத்தியைவிட அது அதிகம் பேசும்.

கேள்வி: அலகில் பிறை முத்திரை. அப்படியானால் ஐரோப்பியக் கத்திதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். ஜெர்மனியின் சோலிங்கன் போன்ற ஊர்களின் பிறை முத்திரை போட்ட வாள் அலகுகள் சஹாராவுக்கும் சூடானுக்கும் சரக்காகப் போயின. அந்த முத்திரைக்கு மதிப்பு கூடியதும் உள்ளூர்க் கொல்லர்களும் அதையே வெட்ட ஆரம்பித்தார்கள். அலகே வெளியூர் என்றாலும், பிடி போட்டவர் கைதான் கத்தியின் ஊரைச் சொல்லும்.

கேள்வி: திறக்கும்போது கடகடவென்று சத்தமிடும் மடக்குக் கத்தி. ஸ்பெயினா?

பதில்: ஸ்பெயினின் நவாஹா. அங்கே அல்பசேத்தே நகரம் அதற்குப் புகழ்பெற்றது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிலும் ஸ்பெயின் சந்தைக்கென்றே நிறையச் செய்தார்கள். உருவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் அலகின் அடியில் உள்ள முத்திரையைப் படியுங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் கூர், கைக்காப்பு கிடையாது, பித்தளைப் பதிப்பு, பிடியின் முனை விலங்குத் தலை மாதிரி.

பதில்: ஃபிலிஸா. அல்ஜீரியாவின் கபைல் மக்களுடையது. இஃப்லிசென் குலத்தின் பெயரே கத்திக்கும் வந்தது.

கேள்வி: துருவைத் தேய்த்து மினுக்கட்டுமா?

பதில்: ஐயோ, வேண்டாம். மெல்ல எண்ணெய் தடவினால் போதும். பித்தளையில் படிந்த கருமையைத் தேய்த்துவிட்டு என்னிடம் கத்தியின் வயது கேட்காதீர்கள்.