அடிமண்ணில் ஃபோம் ஏற்றும் முன் ஆதாரத்தைப் பதிவு செய்யுங்கள்

கேள்வி: சென்னை பெரும்பாக்கத்தில் ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் உள்ள கார் நிறுத்தும் தளம்) பிளஸ் மூன்று மாடிக் கட்டடத்தில் எங்கள் ஃபிளாட் இருக்கிறது. மொத்தம் 12 வீடுகள். 58 லட்சம் கொடுத்து வாங்கினோம். சாவி கைக்கு வந்து நாலரை வருஷம் ஆகிறது. போன மழைக்காலத்துக்குப் பிறகு ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. வடக்குப் பக்க வீடுகளில் கதவு நிலையில் இடிக்கிறது. கார் நிறுத்துமிடத்தின் தரையும் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. 'அடிமண் கொஞ்சம் லூஸ். துளை போட்டு பாலியூரித்தேன் ஃபோம் ஏற்றினால் மண் இறுகி எல்லாம் நிமிர்ந்துவிடும், இரண்டு நாள் வேலைதான்' என்கிறார் பில்டர். அதற்கு வீட்டுக்கு 65,000 ரூபாய் கேட்கிறார். 'இனி இந்தக் கட்டடம் தொடர்பாக எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற கடிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். இரண்டு பேர் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பணம் கொடுக்காதீர்கள், அந்தக் கடிதத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) 14(3) பிரிவு உங்கள் பக்கம் தெளிவாக நிற்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையை பில்டரின் கவனத்துக்குக் கொண்டு வந்தால், அவர் 30 நாட்களுக்குள் கூடுதல் கட்டணம் ஏதும் வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். தவறினால் நீங்கள் இழப்பீடு கேட்கலாம். அஸ்திவாரம் இறங்குவது கட்டமைப்புக் குறை இல்லையென்றால் வேறு எதுதான் கட்டமைப்புக் குறை? அந்த 65,000 ரூபாயை அவர் கேட்பதற்கே இடமில்லை.

உங்களுக்கு மீதி இருப்பது ஆறு மாதம். வாயால் சொன்னதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் மட்டும் நம்பி இருக்க வேண்டாம். விரிசல் எந்தெந்த இடத்தில், எப்போது கவனித்தீர்கள், தரை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று விவரமாக எழுதி, தேதி தெரியும் புகைப்படங்களை இணைத்து, இந்த வாரமே ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அசோசியேஷன் பெயரில் ஒன்று, வீட்டு உரிமையாளர்கள் தனித்தனியாக ஒன்று என அனுப்புவது நல்லது. ஐந்து ஆண்டு முடிந்துவிட்டது என்று பில்டர் பின்னால் வாதாடலாம். அதனால் சாவி வாங்கிய நாளில் தந்த ஒப்படைப்புக் கடிதத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.

இதைவிட நான் அதிகம் கவலைப்படும் விஷயம் ஒன்று உண்டு. ஃபோம் உள்ளே போய்விட்டால் இன்று இருக்கும் மண் நாளைக்கு இருக்காது. இரண்டு திரவங்களைக் கலந்து குழாய் வழியாக மண்ணுக்குள் செலுத்துவார்கள். அது சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் பொங்கி, மண்ணை நெருக்கி, இடைவெளிகளை அடைத்துக் கெட்டியாகிவிடும். அதற்குப் பிறகு பில்டர் எப்படிப்பட்ட மண்ணின் மேல் எப்படிப்பட்ட அஸ்திவாரம் போட்டார் என்பதை நிரூபிப்பது மிகவும் கஷ்டம். எனவே துளை போடும் இயந்திரம் வாசலுக்கு வரும் முன், நீங்களே ஒரு தகுதியுள்ள மண்ணியல் பொறியாளரை அமர்த்தி, போர்ஹோல் (ஆழத்து மண்ணை எடுக்கும் துளை) போட்டு சாயில் டெஸ்ட் எடுங்கள். கட்டடத்தின் மட்டத்தையும் கருவி வைத்து அளந்து பதிவு செய்யுங்கள். அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி மெட்ராஸ் போன்ற நிறுவனங்களின் பேராசிரியர்கள் தரும் அறிக்கைக்கு விசாரணையில் நல்ல மதிப்பு உண்டு. திட்ட அனுமதிக்காக பில்டர் தாக்கல் செய்த கட்டமைப்பு வரைபடத்தையும் மண் பரிசோதனை அறிக்கையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுங்கள். அப்போது சொன்ன மண்ணும் இப்போது தோண்டி எடுத்த மண்ணும் வேறாக இருந்தால், உங்கள் வழக்கில் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, இந்த ஃபோம் முறையே மோசடியா? இல்லை. நிரப்பிய மண் சரியாக இறுகாமல் இருந்தாலோ, தண்ணீர் அரித்து அடியில் பொந்து விழுந்திருந்தாலோ, தளர்ந்த மணலாக இருந்தாலோ அது பயன் தரக்கூடிய முறைதான். ஆனால் உங்கள் பகுதி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியது. மேலே கொட்டி நிரப்பிய மண், அதன் கீழே நீர் நிறைந்த மென்களிமண் என்று இருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் களிமண் எடை தாங்க முடியாமல் வருஷக்கணக்கில் மெதுவாக அமுங்கிக்கொண்டே போகும். மேல் அடுக்கில் மட்டும் ஃபோம் ஏற்றினால் அது நிற்காது. அந்த நிலையில் கீழே கெட்டியான அடுக்கு வரை மைக்ரோ பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் மெல்லிய தூண்) இறக்கித் தாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு பல மடங்கு. சட்டம் சொல்வது 'சரிசெய்து தர வேண்டும்' என்று. பில்டருக்கு மலிவானது எதுவோ அதைச் செய்துவிட்டுப் போகலாம் என்று அது சொல்லவில்லை. காரணம் தெரியாமல் மருந்தை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

30 நாளில் அவர் அசையவில்லை என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யுங்கள். அசோசியேஷனே மனுதாரராக இருக்கலாம். சரிசெய்து தரச் சொல்லும் உத்தரவை ஆணையத்திடமும், இழப்பீட்டை அங்குள்ள தீர்ப்பு அலுவலரிடமும் கேட்க வேண்டும். இரண்டும் தனித்தனி மனு. பில்டர் அவசர அவசரமாக ஃபோம் ஏற்ற முயன்றால், ஆய்வு முடியும் வரை நிறுத்தி வைக்க 36-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். நுகர்வோர் நீதிமன்றமும் ஒரு வழி. நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு ஆண்டு காலவரம்பு உண்டு. ரெரா சட்டம் இருப்பதால் நுகர்வோர் வழி அடைபடாது என்று 2020-இல் இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் நிலைமையில் நான் முதலில் ரெரா பக்கம்தான் போவேன், 14(3) அங்கே நேரடியாகப் பேசுகிறது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட இருவர் பயப்பட வேண்டாம். சட்டம் தந்த பாதுகாப்பைத் தோற்கடிக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவை வைத்து வாதிடலாம். ஆனால் அது வாதம்தான், வெற்றிக்கு உத்தரவாதம் கிடையாது. எந்தச் சூழ்நிலையில், என்ன சொல்லி வாங்கினார்கள் என்று விளக்கி, அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக அவர்கள் உடனே எழுதி அனுப்பட்டும்.

ஒருவேளை உங்கள் பொறியாளரே ஃபோம் போதும் என்று சொன்னால் தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள். செலவு பில்டருடையது. எந்தத் துளையில், எவ்வளவு ஆழத்தில், எத்தனை கிலோ ஏற்றினார்கள் என்ற பதிவேடு அசோசியேஷனுக்கு வர வேண்டும். ஏற்றும்போது லேசர் மட்டம் வைத்துக் கண்காணிக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் தூக்கினால் புது விரிசல் விழும். அடுத்த மழைக்காலம் முடியும் வரை மட்டத்தை அளந்து காட்டுவதாகவும், மறுபடி இறங்கினால் தன் செலவில் சரிசெய்வதாகவும் எழுதித் தரட்டும்.

ஸ்டில்ட் தூண்களிலோ பீம்களிலோ விரிசல் இருந்தால், அல்லது விரிசல் வாரத்துக்கு வாரம் அகலமானால், இந்தக் கடிதப் போக்குவரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். 2014 ஜூன் 28-இல் மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். உங்கள் கட்டடம் அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொறியாளர் 'காலி செய்யுங்கள்' என்றால் அன்றே வெளியேறுங்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சிஎம்டிஏ) உள்ளாட்சி அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வாடகைச் செலவை இழப்பீட்டு மனுவில் சேர்த்துக் கேட்கலாம், ரசீதுகளை வைத்திருங்கள்.

அப்புறம், பக்கத்து மனை. ஃபோம் எல்லைச் சுவரைப் பார்த்து நிற்காது. அது அடுத்தவர் மண்ணுக்குள் போனாலோ, அவர் தரையைத் தூக்கினாலோ, சாக்கடைக் குழாயை அடைத்தாலோ அவர் உங்கள் அசோசியேஷன் மேலும் வழக்குப் போடுவார். அந்தப் பொறுப்பு முழுவதையும் பில்டரே ஏற்பதாக, வேலை தொடங்கும் முன் முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள்.