நிலைத்த மீப்பரப்பு என்றாலே அது சமசுற்றளவுச் சிக்கலின் விடைதானா?

இல்லை. நீங்கள் ஆய்வு மாணவராகத்தான் இருக்க வேண்டும். வேறு யாரும் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

மீப்பரப்பு என்பது வெளியைவிட ஒரு பரிமாணம் குறைந்தது: தளத்தில் கோடு, முப்பரிமாணத்தில் பரப்பு. குறிப்பிட்ட அளவை அடைக்க மிகச் சிறிய எல்லை எது என்பது சமசுற்றளவுச் சிக்கல். அடைத்த அளவு மாறாமல் எல்லையை எப்படி லேசாக நெளித்தாலும் எல்லையின் அளவு குறையவில்லை என்றால், அந்த எல்லை நிலைத்தது. (துல்லியமான வரையறையில் வரும் இரண்டாம் வகையீடு எங்கே என்று கேட்காதீர்கள், தெரிந்தேதான் எளிமையாக்கினேன்.) முன்னது ஊர் முழுக்கத் தேடியது, பின்னது அக்கம்பக்கத்தில் மட்டும் தேடியது.

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் இந்த இடத்தில்தான் பிடித்துக்கொண்டார். "நிலைத்தது என்றால் கோளம், கோளம் என்றால் விடை. இதற்கு ஓர் அத்தியாயமா?" என்றார். அவர் மனத்தில் இருந்தது பார்போசாவும் தோ கார்மோவும் 1984இல் நிறுவிய தேற்றம்: யூக்ளிடிய வெளியில், சராசரி வளைவு (ஒரு புள்ளியில் எல்லாத் திசை வளைவுகளின் சராசரி) எங்கும் மாறாத, விளிம்பில்லாத, மூடிய மீப்பரப்புகளில் நிலைத்தது கோளம் மட்டுமே. 1988இல் எஷன்பர்க்கும் சேர்ந்துகொள்ள, வளைவு எங்கும் ஒரே நேர்ம எண்ணாக உள்ள கோள வெளிக்கும், ஒரே எதிர்ம எண்ணாக உள்ள அதிபரவளைய வெளிக்கும் அதை நீட்டினார்கள். அந்த மூன்றோடு வெளிகள் தீர்ந்துவிட்டனவா என்ன?

பலகையில் ஓர் உருளை வரைந்தேன். சுற்றளவு 1, இருபுறமும் முடிவில்லாதது. அதன் மேல் பரப்பு 0.5 கொண்ட வட்டம் போட்டால் எல்லையின் நீளம் சுமார் 2.51. அதே பரப்பை உருளையைச் சுற்றிய பட்டையாகப் போட்டால் இரண்டு விளிம்பும் சேர்ந்து 2தான். பட்டை எவ்வளவு அகன்றாலும் 2தான். பரப்பு 0.318ஐத் தாண்டியதுமே பட்டை முந்திவிடுகிறது. வட்டமோ விட்டம் 1 ஆகும்வரை, அதாவது பரப்பு 0.785ஐ நெருங்கும்வரை, உருளையில் அடங்கும். எப்படி லேசாக நெளித்தாலும் நீளம் குறையாது. இடைப்பட்ட அத்தனை வட்டங்களும் நிலைத்தவை, ஒன்றுகூட விடையில்லை.

உருளையை வெட்டி விரித்தால் தட்டைதானே, வளைந்த வெளி எங்கே என்று கிளம்புவோருக்கு: முப்பரிமாணக் கோள வெளியின் எதிரெதிர்ப் புள்ளிகளை ஒன்றாக்கினால் கிடைக்கும் வீழ்ப்பு வெளியைப் பாருங்கள். வளைவு எங்கும் 1. ரிதோரேயும் ரோஸும் 1992இல் அங்கே கணக்கை முடித்தார்கள். சிறிய கன அளவுக்குக் கோளம், நடுத்தர அளவுக்கு மீக்குறும்பாதையை (அந்த வெளியின் 'நேர்கோட்டை')ச் சுற்றிய குழாய். குழாயிடம் தோற்ற கோளம் அங்கும் நிலைத்தே நிற்கிறது.

தேர்வாளர் பலகையைப் பார்த்து "சரி" என்றார், அவ்வளவுதான். அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நூற்பட்டியலில் காற்புள்ளி விடுபட்ட இடங்கள் மட்டும் பக்கவாரியாக இருந்தன. உதவித்தொகை மாதக்கணக்கில் நிலுவையில் இருந்த நேரத்தில், கைக்காசைப் போட்டு ஆய்வேட்டை மறுபடி அச்சடித்து பைண்டிங் செய்தேன். அலுவலகத்தில் அதையும் திருப்பிவிட்டார்கள். மேலட்டை நீலமாக இருந்ததாம், கருநீலம் வேண்டுமாம்.