அப்பாவுக்கு என்ன குறை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். அப்பாவுக்கு வயது 64. கப்பல் பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. ஆறு மாதமாக உடம்பு வலி, அசதி, சாப்பாடு இறங்கவில்லை என்கிறார். விடியற்காலை மூன்றரைக்கே எழுந்து கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். இசிஜி, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் இருதயத்துக்கு ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி செர்ட்ரலின் கொடுத்தார். வயிற்றைப் புரட்டுகிறது என்று எட்டாம் நாளே நிறுத்திவிட்டார். “எனக்கென்ன பைத்தியமா?” என்கிறார். “வீடு இருக்கு, பேரப்பிள்ளை இருக்கு, என்ன குறை இவருக்கு?” என்று அம்மா அழுகிறார். மாத்திரை பழகிப்போய்விடும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். ஊருக்குக் கூட்டிப்போய் ஒரு மாதம் வைத்திருந்தால் சரியாகிவிடும் என்கிறார் பெரியப்பா. என்ன செய்யட்டும்?

— ஈசூன் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அப்பாவை அதே டாக்டரிடம் இந்த வாரமே மறுபடி கூட்டிப்போங்கள். செர்ட்ரலின் கேட்கிறதா இல்லையா என்பதை எட்டு நாளில் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில்தான் லேசாக மாற்றம் தெரியும். முழுப் பலனைப் பார்க்க, சரியான அளவில் ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். வயிற்றுப் புரட்டலோ மாத்திரை விழுங்கிய முதல் வாரத்திலேயே வந்துவிடும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். தொல்லை முதலில், பலன் பிறகு. இதை ஆரம்பத்திலேயே யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். சாப்பிட்ட பிறகு மாத்திரை போடலாமா, 25 மில்லிகிராமில் ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரம் கழித்து 50-க்குப் போகலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வயதானவர்களுக்கு இப்படி மெல்ல ஏற்றுவது வழக்கம்தான்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். குறை இருந்தால்தான் மனச்சோர்வு வரும் என்பதில்லை. பரம்பரைவாகு, நாட்பட்ட நோய், இழப்பு, தனிமை, குடி என்று பல சேர்ந்து அதை உண்டாக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது. நாற்பது வருடம் காலையில் எழுந்து வேலைக்குப் போன மனிதருக்குத் திடீரென்று போக ஓரிடம் இல்லாமல் போவதும் பெரிய இழப்புதான். நம் ஆண்கள் பலர் “மனசு சரியில்லை” என்று சொல்ல மாட்டார்கள். தோள் வலிக்கிறது, தெம்பில்லை, தூக்கம் வரவில்லை என்பார்கள். அவர் நடிக்கவில்லை. அந்த வலி உண்மையானது, அது இந்த நோயின் பகுதி. விடியுமுன் விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமல் போவதும், காலையில் அதிகமாக இருக்கும் சோர்வு மாலையில் சற்றுக் குறைவதும் இந்த நோயில் அடிக்கடி காணும் அடையாளங்கள்.

ஆனாலும் சில ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்: தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, சோடியம். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுவோருக்கு பி12 குறையக்கூடும். சைவம் என்றால் இன்னும் எளிதாகக் குறையும். குறைந்தால் அசதி, மறதி, சோர்வு எல்லாம் வரும். சோடியம் (ரத்தத்திலுள்ள உப்பு) ஏன் என்றால், செர்ட்ரலின் வகை மருந்துகள் முதியவர்களுக்கு அதை இறக்கிவிடக்கூடும். முதல் சில வாரங்களில் தலைவலி, தள்ளாட்டம், குழப்பம் தென்பட்டால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆஸ்பிரின் விஷயத்தில் கவனம் தேவை. அதுவும் செர்ட்ரலினும் சேரும்போது வயிற்றில் ரத்தக் கசிவுக்கான வாய்ப்பு கூடும். மலம் கறுப்பாகத் தார் போலப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடம்பு வலிக்கென்று கடையில் ஐபுபுரோஃபென் வாங்கிப் போடவே கூடாது. வலி பொறுக்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும். இன்னொன்று: எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் செலவும் கட்டுமீறிப்போன காலம் அவருக்கு இருந்ததா? அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அது இருமுனை நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

பழக்கமாகிவிடுமா என்றால், மதுவைப் போல, தூக்க மாத்திரையைப் போல மனம் அதற்கு ஏங்காது. ஆனால் பல வாரம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். ஆகவே டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். மூன்றாவது மாதத்தில் முகம் தெளிந்ததும் “இனி எதற்கு?” என்று விட்டுவிடுவதுதான் நான் அதிகம் அஞ்சுகிற இடம். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். இல்லாவிட்டால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடும். முதல் மருந்து எல்லாருக்கும் கேட்பதில்லை. அப்போது அளவைக் கூட்டுவார்கள், இல்லை மருந்தை மாற்றுவார்கள். மனம் தளர வேண்டாம்.

மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் சேர்ந்தால் பலன் கூடும். பலதுறை மருந்தகத்திலேயே உளவியலாளரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. “மனசு சரியானதும் வெளியே போறேன்” என்பார். இதில் வரிசை தலைகீழ்: முதலில் கால் நகர வேண்டும், மனம் பிறகு வரும். தினமும் ஒரே நேரத்தில், காலை எட்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், காப்பிக்கடை வரை பத்து நிமிட நடை. கூட ஒருவர் போங்கள். அடுத்த வாரம் பதினைந்து நிமிடம். போகுமுன்னும் வந்த பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். இரண்டிலிருந்து மூன்றானாலும் அது அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். “தைரியமா இருங்க” என்ற அறிவுரை மட்டும் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே தன்மேல் பழி போட்டுக்கொண்டிருப்பவருக்கு அதுவும் ஒரு பழியாகத்தான் சேரும்.

ஒரு கேள்வியை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். தனியாக இருக்கும்போது, “அப்பா, செத்துப்போயிட்டா நல்லதுன்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இருந்தால் சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மிச்சம் கிடக்கும் மாத்திரைகளை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவி எண் 6389 2222. தற்கொலை எண்ணத்தில் தவிப்போருக்கு உதவும் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767. உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. போலிஸ் வழக்காகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டாம்; 2020 முதல் இங்கே தற்கொலை முயற்சி குற்றமில்லை.

“பைத்தியமா?” என்பதன் பின்னால் ‘உட்பிரிட்ஜ்’ என்ற மனநல மருத்துவமனையின் பழைய பெயரின் பயம் இருக்கலாம். அந்த மருத்துவமனைதான் இன்றைய மனநலக் கழகம். அப்பா இப்போது அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லுங்கள். நீரிழிவுக்குப் போகிற அதே மருந்தகம், அதே டாக்டர் போதும். கடும் மனச்சோர்வுக்கான சிகிச்சைக்கு, மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்திலிருந்து சேர்த்த மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம். கட்டணம் கட்டும் இடத்தில் கேளுங்கள்.

ஊர்ப் பயணத்தை ஒரு இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள் பெரியப்பாவிடம். மருந்து பிடித்த பிறகு தாராளமாகப் போய்வாருங்கள். கோயிலும் சொந்தங்களும் அப்போது நிச்சயம் உதவும். போகும்போது தங்குகிற நாளைவிட இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக மாத்திரையும், மருந்தின் பெயரும் அளவும் எழுதிய டாக்டர் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும்.