13, 16 வயதுப் பிள்ளைகளோடு கடற்கரை ரிசார்ட்: குடும்ப அறை ஏன் கிடைப்பதில்லை?

இரண்டு அறையாக எடுங்கள், நடுவில் உள்கதவு உள்ளதாக. முன்பதிவு செய்யும்போது பிள்ளைகளின் வயதைப் போட்டதும் குடும்ப அறை மறைந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: பல ரிசார்ட்டுகளில் 12 வயதோடு குழந்தைக் கணக்கு முடிந்துவிடும், அதன்பின் பெரியவர் கட்டணம். 'இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை' அறையில் நீங்கள் நான்கு பெரியவர்கள். வயதைக் குறைத்துப் போடாதீர்கள், வரவேற்பில் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேளுங்கள்:

1. உள்கதவு உறுதியா? 'பக்கத்து அறை' என்றால் நடுவில் கதவு இருக்கும் என்று அர்த்தமில்லை. 'முயல்கிறோம்' என்ற பதிலை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2. 13 வயதுக்கு மேல் என்ன இருக்கிறது? விளம்பரத்தில் வரும் கிட்ஸ் கிளப் பெரும்பாலும் 4 முதல் 12 வரைதான். ஒரு நாளின் நிகழ்ச்சி அட்டவணையை அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

3. நீர் விளையாட்டுக்கு வயது வரம்பு? ஸ்கூபாவில் (காற்று உருளையோடு நீருக்கடியில் மூழ்குதல்), PADI என்ற பயிற்சி அமைப்பின் 'ஜூனியர் ஓப்பன் வாட்டர்' பயிற்சியை 10 வயதிலேயே கற்கலாம். ஜெட் ஸ்கீ ஓட்ட 16, 18 கேட்கும் இடங்கள் உண்டு. மூத்தவருக்குக் கிடைத்து இளையவருக்குக் கிடைக்காவிட்டால் சண்டைதான்.

ஒன்று மட்டும்: நீங்கள் போகும் அதே மாதத்தில் தங்கியவர்களின் விமர்சனங்களைப் படியுங்கள். அலை மிகுந்த பருவத்தில் சிவப்புக் கொடி ஏற்றிவிட்டால் எல்லாரும் நீச்சல் குளத்தில்தான்.