எந்தச் செயலிக்கு எந்தக் கோப்பு?

கேள்வி: ஆவணங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கும் செயலி ஒன்றை என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவினேன். திறந்த உடனேயே எல்லாக் கோப்புகளையும் கையாள அனுமதி கேட்கிறது. கொடுத்தால் என் மற்ற ஆவணங்களையும் படங்களையும் அதனால் பார்க்க முடியுமா? மறுத்தால் செயலி இயங்குமா?

பதில்: பார்க்க முடியும், மாற்றவும் அழிக்கவும்கூட முடியும். டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் முதலிய பொதுக் கோப்புறைகளிலும் கேலரியிலும் இருப்பவை அனைத்தும் அந்தச் செயலிக்குத் திறந்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்து கேலரியில் தெரியும் படங்களும் அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு செயலியும் தன் சொந்தத் தரவை வைத்துக்கொள்ளும் தனி இடம் மட்டும் இந்த அனுமதிக்கு எட்டாது. ஆகவே உங்கள் வங்கிச் செயலிக்குள் இருக்கும் தரவை இது தொடாது. ஆனால் அங்கிருந்து நீங்கள் பதிவிறக்கி வைத்த கணக்கு அறிக்கைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பதிவிறக்கிய கோப்பை அங்கேயே விட்டுவைப்பது பலரின் வழக்கம் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்கேன் செய்யும் செயலிக்கு இவ்வளவு அதிகாரம் தேவையில்லை. காகிதத்தைப் படமெடுக்கக் கேமரா அனுமதி போதும்; தான் உருவாக்கிய பிடிஎஃப்பைச் சேமிப்பதற்கு ஆண்ட்ராய்டு 10 முதல் தனி அனுமதியே வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமானால், கைப்பேசியே காட்டும் கோப்புத் தேர்வுத் திரையை அது வரவழைக்கலாம். அதில் நீங்கள் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் கோப்பு மட்டுமே செயலிக்குக் கிடைக்கும். 2013இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.4 முதலே இந்த வசதி இருக்கும்போது, வேறு வழியில்லை என்று எந்தத் தயாரிப்பாளர் சொன்னாலும் அதை ஏற்பதற்கில்லை. கோப்பு மேலாளர், காப்புப்பிரதி எடுக்கும் செயலி, ஆன்ட்டிவைரஸ் போன்றவை இந்த அனுமதியைக் கேட்பதில்தான் நியாயம் இருக்கிறது.

எனவே முதலில் மறுத்துப் பாருங்கள். ஒழுங்காக எழுதப்பட்ட செயலி தொடர்ந்து இயங்கும். முரண்டு பிடித்தால் நீக்கிவிட்டு வேறொன்றைத் தேடலாம். முன்பே அனுமதி கொடுத்துவிட்ட செயலிகளை அமைப்புகளில், செயலிகளுக்கான சிறப்பு அணுகல் என்ற பிரிவின் கீழ் ஒரே பட்டியலாகக் காணலாம். கைப்பேசி நிறுவனத்துக்கு ஏற்ப இதன் இடமும் பெயரும் சற்று மாறும் என்பதால், அமைப்புகளின் தேடல் கட்டத்தைப் பயன்படுத்துவது எளிது.

படங்களைப் பொறுத்தவரை இன்னும் நுட்பமான கட்டுப்பாடு உண்டு. ஆண்ட்ராய்டு 13இல் படங்களுக்கும் காணொளிகளுக்கும் ஓர் அனுமதி, இசைக்கும் ஒலிக்கும் வேறோர் அனுமதி என்று பிரித்தார்கள். 2023இல் வந்த 14ஆம் பதிப்பிலோ நீங்கள் பொறுக்கியெடுத்த படங்களை மட்டும் காட்டும் வாய்ப்பும் சேர்ந்தது.

கேள்வி: ஐஃபோனில் ஒரு செயலிக்குச் சில படங்களை மட்டும் காட்ட முடியுமா? பிறகு அனுமதியை விலக்கினால், அது எடுத்துக்கொண்ட படங்கள் என்னவாகும்?

பதில்: முடியும், 2020இல் வெளியான ஐஓஎஸ் 14 முதல் இது இருக்கிறது. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் படங்கள் என்பதைத் திறந்தால் செயலிகளின் பட்டியல் வரும். நீங்கள் ஒருமுறை தேர்ந்தெடுத்துக் கொடுத்த படங்கள், அந்தத் தேர்விலிருந்து நீங்களே எடுக்கும் வரை செயலிக்குத் தெரிந்துகொண்டே இருக்கும் என்பதைக் கவனியுங்கள். கேலரியில் படத்தைச் சேமிக்க மட்டுமே வேண்டிய செயலிக்கு, உள்ளிருப்பதைப் பார்க்க விடாமல் சேர்ப்பதற்கு மட்டும் இடம் தரும் தெரிவும் அங்கே உண்டு.

அனுமதியை விலக்குவது இனிமேல் நடப்பதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே செயலியின் சேவையகத்துக்குப் போய்ச் சேர்ந்த படங்கள் அங்கேயே இருக்கும்; செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினாலும் இதே நிலைதான். அவற்றை அழிக்கவேண்டுமானால், நீக்குவதற்கு முன்பே செயலிக்குள் சென்று, கணக்கையும் அதிலுள்ள தரவையும் அழிக்கும்படி கோர வேண்டும்.